பிறந்த வீட்டுக்கு வரும் மஞ்சள் விமானங்கள்

ஜூன் மாதக் காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றின் மேற்குக் கிளையை ஒட்டி, இரண்டு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது லாக் ஹேவன். சுமார் 8,000 பேர் வாழும் சின்ன ஊர். ஆற்றங்கரை மேட்டில் நடைப்பயிற்சி போகிறவர்கள் சட்டென்று நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்கிருந்தோ தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம். மலை இடுக்கிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் வருகிறது. அதன் பின்னால் இன்னொன்று... அதற்கும் பின்னால் இன்னொன்று!

அவசரமே இல்லை. ஜெட் விமானம் போலக் காதைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தபடி, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் காற்று வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் விமானி. புல் தரையில் மெல்ல இறங்கி, குதித்து, அடங்கி நிற்கிறது விமானம். அதன் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களுக்கு அதுதான் வீடு.

1986-ல் தொடங்கிய விழா இது. 'சென்டிமென்டல் ஜர்னி' என்று பெயர். இந்த ஊரில் பிறந்து, நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் வாழ்க்கைப்பட்டுப் போன விமானங்கள், ஜூன் மாதத்தில் பிறந்த வீட்டுக்கு வந்து போகின்றன. வருகிறவற்றில் பலவற்றுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

எண்பது வயது விமானத்தில் ஏறிப் பறப்பதா? யாருக்கும் முதலில் வருகிற கேள்வி இதுதான். அதை நம்பிப் பணம் போட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே... அவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

பட்டு ஆலைக்குள் பிறந்த குட்டி

விமானத்தின் பெயர் பைப்பர் ஜே-3 கப். 'கப்' என்றால் டீ குடிக்கிற கப் அல்ல. சிங்கம், புலி, கரடிகளின் குட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர். ஆரம்பத்தில் இதன் மூதாதைக்குப் பொருத்திப் பார்த்த சின்ன என்ஜினின் பெயர் 'டைகர் கிட்டன்'. அதிலிருந்து பிறந்ததுதான் 'கப்' என்பார்கள். அந்த என்ஜினுக்கு விமானத்தைத் தூக்கவே சக்தி போதவில்லை என்பது வேறு கதை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதே மாநிலத்தில் உள்ள பிராட்ஃபோர்டு ஊரில் விமானம் கட்டிக்கொண்டிருந்த டெய்லர் நிறுவனம் 1930-ல் திவாலானது. அதன் சொத்துகளை 761 டாலருக்கு வாங்கியவர் வில்லியம் டி. பைப்பர். எண்ணெய்க் கிணறு தொழில் செய்துகொண்டிருந்தவர். விமானம் பணக்காரர்களின் பொம்மையாக மட்டும் இருக்கக் கூடாது, எளிமையாகவும் மலிவாகவும் இருந்தால் சாதாரண மனிதர்களும் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. 1937-ல் பிராட்ஃபோர்டு தொழிற்சாலை தீக்கிரையானது. மூட்டை முடிச்சுகளோடு லாக் ஹேவன் வந்தார்கள். இங்கே காலியாகக் கிடந்த ஒரு பழைய பட்டு ஆலைதான் புதிய தொழிற்சாலை ஆனது.

1938-ல் ஜே-3 வெளிவந்தது. விலை ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். 1947 வரை கிட்டத்தட்ட 20,000 விமானங்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு விமானம் என்ற வேகத்தில் வெளியே வந்தன. போருக்கு முன் அமெரிக்க அரசு நடத்திய பயிற்சித் திட்டத்தில் பறக்கக் கற்ற இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தது இந்த மஞ்சள் குட்டியில்தான்.

இதை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும், ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்று புரிந்துவிடும். உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம். மேலே இழுத்துக் கட்டிய துணி. ஆமாம், துணிதான்! நான்கு சிலிண்டர், 65 குதிரைசக்தி என்ஜின். பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, விளக்கு இல்லை. காலி எடை சுமார் 345 கிலோ. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிர்க்காற்று பலமாக வீசினால் கீழே நெடுஞ்சாலையில் போகும் லாரி முந்திக்கொண்டு போய்விடும்.

பெட்ரோல் அளவு காட்டும் கருவி இருக்கிறதே, அதுதான் அழகு. விமானியின் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் டேங்கின் மூடியில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கம்பியின் அடியில் ஒரு கார்க் மிதவை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். மூடியைத் தொட்டுவிட்டதா? இறங்க இடம் பாருங்கள்!

முதலில் காகிதம், பிறகுதான் விமானம்

விழா நடக்கும் மைதானத்தில் சில விமானங்களின் ப்ரொப்பெல்லரில் ஓர் அட்டை தொங்கும்: 'விற்பனைக்கு'. நல்ல நிலையில் உள்ள ஜே-3 இன்று ஒரு நடுத்தரக் காரின் விலைக்கோ அதற்குச் சற்று மேலேயோ கிடைக்கிறது. 30,000 டாலரில் தொடங்கி, புதுப்பித்தது என்றால் அதற்கு இருமடங்கு வரை கேட்பார்கள்.

பார்த்ததுமே மனசு போய்விடும். பளபளக்கும் மஞ்சள், பக்கவாட்டில் ஓடும் கறுப்பு மின்னல் கோடு, வாலில் கரடிக்குட்டிப் படம். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் விமானத்தைத் தொடுவதற்கு முன் கேட்பது லாக்புக்கை. எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் பறந்த பிறகு, எந்த மெக்கானிக் என்ன வேலை செய்தார் என்று கையெழுத்தோடு எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள். நம்மூரில் பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகம் பார்ப்போமே, அதோடு அந்த வண்டி பட்ட காயம், பார்த்த வைத்தியம் அத்தனையும் சேர்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

இந்த நோட்டை வரிக்கு வரி படிக்க ஒரு பொறுமை வேண்டும். எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டதுதான் பல நேரம் அதிகம் பேசும். 1950-களில் ஒரு பக்கத்தில் ‘இடது இறக்கை நுனி சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு வரி. அதே வாரத்தில் 'ப்ரொப்பெல்லர் மாற்றப்பட்டது' என்று இன்னொரு வரி. விபத்து என்ற சொல்லே இருக்காது. ஆனால் அனுபவசாலிக்குக் காட்சி கண்முன் வந்துவிடும். வால் பக்கம் சக்கரம் உள்ள விமானங்கள் தரையிறங்கும்போது கொஞ்சம் அசந்தால் பம்பரம் மாதிரி சுழன்றுவிடும். இறக்கை நுனி தரையில் உரசும். மூக்கு குத்தினால் ப்ரொப்பெல்லர் வளையும். அப்படியானால் இறக்கைக்குள் இருக்கும் நீளக் கட்டையில் விரிசல் விழுந்திருக்குமோ? அந்தக் கட்டை பழைய கப் விமானங்களில் ஸ்ப்ரூஸ் மரம், பிந்தியவற்றில் அலுமினியம். துணியைப் பிரித்தால்தான் தெரியும்.

லாக்புக்கில் மறைந்திருந்தால்? அமெரிக்க விமானங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிவகம், ஓக்லஹோமா நகரத்தில். சிறு கட்டணம் கட்டினால், அந்த விமானத்தின் முழு ஜாதகமும் கைக்கு வரும். யார் யாரிடம் கைமாறியது, மேலே கடன் பாக்கி ஏதாவது இருக்கிறதா, பெரிய பழுதுகள் பார்த்ததற்கு அரசுக்குத் தாக்கல் செய்த படிவங்கள் என எல்லாம் இருக்கும். பயிர்களுக்கு மருந்து தெளித்தது, விமானப் பள்ளியில் அடிபட்டது, ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் இருபது வருஷம் தூங்கியது எல்லாம் இந்தக் காகிதங்களில் இருந்துதான் வெளியே வரும்.

கொட்டகையில் தூங்கிய விமானம் என்றதும் 'ஆஹா, அதிகம் ஓடாத வண்டி' என்று மகிழக் கூடாது. ஓடாத என்ஜினுக்குள் துரு பிடிக்கும். துணிக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரித்துவிடும் என்பது வாங்கிய பிறகு தெரிந்தால் அது பெரும் செலவு. வாரம் ஒருமுறை பறந்த விமானம், வருஷக்கணக்கில் பூட்டி வைத்த விமானத்தை விட ஆரோக்கியமாக இருக்கும்.

வெளியே பளபளப்பு, உள்ளே துரு

எதைச் சோதிப்பது என்று கேட்டால், பழைய பைப்பர்களைப் பற்றித் தெரிந்த எந்த மெக்கானிக்கும் முதலில் கை வைப்பது இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய்கள் மேல்தான். உடம்பின் அடிப்பகுதியிலிருந்து இறக்கையின் நடுப்பகுதி வரை போகும் எஃகுக் குழாய்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. பறக்கும்போது விமானத்தின் பாரம் பெருமளவு இவற்றின் வழியேதான் இறக்கையிலிருந்து தொங்குகிறது.

தொழிற்சாலையில் செய்த பழைய குழாய்கள் காற்றுப் புகாமல் மூடப்பட்டவை அல்ல. வருஷக்கணக்கில் ஈரம் உள்ளே புகுந்து, கீழ் நுனியில் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே பெயின்ட் கல்யாண வீட்டுக் கதவு மாதிரி மின்னும். உள்ளே காகிதத் தடிமன்தான் மிச்சம். அந்தக் குழாய் வானத்தில் ஒடிந்தால் இறக்கை மடங்கிவிடும். மடங்கிய பிறகு எந்தத் திறமையும் விமானியைக் காப்பாற்றாது.

இப்படி உயிர் போன பிறகுதான் அரசு கட்டாய உத்தரவு போட்டது. பழைய குழாய் என்றால் 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கருவியால் கீழ்ப்பகுதியை அழுத்திக் குத்திப் பார்ப்பார்கள். குழி விழுந்தால் குழாய் குப்பைக்கு. அல்லது ஒலி அலை வைத்துத் தடிமனை அளப்பார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், முழுக்க அடைத்து மூடிய புதிய குழாய்களை மாட்டிவிடலாம். அதன் பிறகு இந்தச் சோதனை தேவையில்லை. அதனால் விற்பவர் 'புதிய அடைத்த குழாய் போட்டாச்சு' என்று ரசீதைக் காட்டினால், அது புது பெயின்ட்டை விடப் பெரிய விஷயம்.

அடுத்து வால். இந்த விமானம் மூக்கைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி நிற்கும். உள்ளே புகுந்த தண்ணீர் எல்லாம் ஓடிச் சேருவது வாலின் அடிக் குழாய்களில். துணியால் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. துணியின் அடியில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, டார்ச் அடித்துக் குழாயைச் சுரண்டிப் பார்ப்பார்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்குகிறவர் கும்பிடு போட்டுக் கிளம்பிவிடுவதே நல்லது.

துணி? அந்தக் காலத்தில் பருத்தி. வெயிலில் நின்றால் சில வருஷங்களிலேயே கையால் கிழிகிற பதத்துக்கு வந்துவிடும். இப்போது பாலியஸ்டர். கொட்டகைக்குள் வைத்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். இதைப் போர்த்தும் வேலையைப் பார்க்க வேண்டுமே! துணியைச் சட்டத்தின் மேல் ஒட்டிவிட்டு, வீட்டில் சட்டைக்குப் போடுவது போல இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்ப்பார்கள். சூடு பட்டதும் துணி சுருங்கி, மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பிறகு நீண்ட ஊசியில் மெழுகு நூல் கோத்து, இறக்கையின் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று ஒவ்வொரு விலாச் சட்டத்தோடும் சேர்த்துத் தையல். மாதக்கணக்கில் ஆகும். ஆள் வைத்துச் செய்தால் ஒரு பழைய விமானத்தின் விலையில் பாதியை விழுங்கிவிடும். துணி வேலை தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

வாங்குவது ஒரு செலவு, வளர்ப்பது?

பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை கட்டாயம். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் மூடிகளை எல்லாம் கழற்றி, கேபிள், கப்பி, பிரேக், சிலிண்டர் என்று ஒன்று விடாமல் பார்ப்பார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 என்ற அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார். எழுபதுக்கு மேல் நின்றால் உரிமையாளர் முகத்தில் சிரிப்பு. ‘எல்லாம் சரி, பறக்கத் தகுதியானது' என்று லாக்புக்கில் கையெழுத்து விழும்வரை விமானம் அசையக் கூடாது. சில நூறு டாலரோடு போய், சில ஆயிரம் டாலரை விட்டுவிட்டு வந்தவர்கள் மைதானம் முழுக்க இருக்கிறார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. விமானி உரிமம் வைத்திருக்கும் உரிமையாளர் தானே செய்துகொள்ளலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. ஆயில் மாற்றலாம். ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். டயர் மாற்றலாம். சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங்குக்குப் பதில் இந்த விமானத்தில் தடித்த ரப்பர் கயிறுதான் சுற்றியிருக்கும், அதையும் மாற்றலாம். செய்ததை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, தாத்தா பிளக் துடைக்கும் காட்சிகளுக்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

பிளக் துடைக்கும் வேலை ஏன் அடிக்கடி வருகிறது? பெட்ரோலால். விமானப் பெட்ரோலில் இன்னமும் ஈயம் கலக்கிறார்கள். இந்தச் சின்ன என்ஜின் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்தது. அவ்வளவு ஈயம் அதற்குத் தேவையே இல்லை. பிளக்கில் படிந்துவிடும். அதனால் பலர் முறைப்படி அனுமதி பெற்று, எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் போடுகிறார்கள். ஈய பெட்ரோலை 2030-க்குள் ஒழித்துவிட வேண்டும் என்று அமெரிக்க அரசு இலக்கு வைத்திருக்கிறது. பெரிய என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு அது கவலை. கப் வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டும். அதனால்தான் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்குவது சகஜம். யாருக்கு எந்த சனிக்கிழமை என்பதில் சின்னச் சண்டை வரும் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் கப் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்த ஊரின் சோகக் கதைக்குப் போக வேண்டும்.

1972 ஜூன். ஆக்னஸ் புயல். சஸ்குவெஹானா கரை புரண்டு தொழிற்சாலைக்குள் புகுந்தது. கட்டிக்கொண்டிருந்த விமானங்கள் சேற்றில் மூழ்கின. 'கமான்ச்சி' என்று ஒரு மாடல், அன்றைக்கு வேகமும் அழகும் நிறைந்த விமானம். அதன் பாகங்களை வார்க்கும் அச்சுகளும் கருவிகளும் வெள்ளத்தில் பாழாயின. மறுபடி செய்யச் செலவு கட்டாது என்று கமான்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். கமான்ச்சி வைத்திருப்பவர் இன்று ஒரு பாகம் கிடைக்காமல் அலைகிறார் என்றால், அந்த அலைச்சலின் ஆரம்பம் இந்த ஆற்றில் இருக்கிறது.

கப் அப்படி இல்லை. எளிமையாகச் செய்ததால், ஏராளமாகச் செய்ததால், அதன் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குழாய், துணி, சக்கரம், கதவு எல்லாம் கிடைக்கும். ஒரே விமானத்தில் இறக்கை மாறி, துணி நான்கு முறை மாறி, என்ஜின் மாறி, கடைசியில் 1940-களில் லாக் ஹேவனில் அடித்த அந்தச் சின்னத் தகடு மட்டும் அப்படியே இருக்கும். உரிமையாளர் அதைத் துடைத்துக் காட்டுவார், குலதெய்வப் படத்தைக் காட்டுகிற மாதிரி.

தொழிற்சாலை அப்படித் தப்பவில்லை. உற்பத்தி படிப்படியாக ஃப்ளோரிடாவுக்கு நகர்ந்தது. 1984-ல் லாக் ஹேவன் ஆலை மூடப்பட்டது. தலைமுறையாக அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இருந்த ஊர். இரண்டே வருஷத்தில், 1986-ல், விமானங்களைத் திரும்ப அழைக்கும் விழா தொடங்கியது. பொறியாளர்கள் வேலை பார்த்த பழைய கட்டடம் இப்போது பைப்பர் விமான அருங்காட்சியகம். பக்கத்திலேயே பைப்பர் பெயரில் விமான நிலையம். ஆற்றங்கரையில் வெள்ளத்தைத் தடுக்கும் மேடு. விமானங்கள் வரும்போது ஊர் ஜனங்கள் ஏறி நின்று பார்ப்பது அந்த மேட்டில்தான்.

'காண்டாக்ட்!'

விழா முடியும் நாள். கூடாரங்கள் சுருட்டப்படுகின்றன. இங்கே விமானம் வாங்கியவர்களுக்கு இன்றுதான் முதல் நெடும்பயணம். டேங்க் கொள்ளளவு 45 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்காவது இறங்கி நிரப்பியாக வேண்டும். பக்கத்து மாநிலம் போக அரை நாள், ஃப்ளோரிடா போக இரண்டு மூன்று நாள். ரோட்டையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

தனியாகப் போகிறவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். எடை சரியாக நிற்பதற்காக அப்படி. சக்கரங்களுக்கு முன் கட்டை வைத்தாகிவிட்டது. வாலை ஒரு கயிற்றில் கட்டியாகிவிட்டது. முன்னால் ஒருவர் நின்று ப்ரொப்பெல்லரைப் பிடிக்கிறார். கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இந்த விமானத்தில் மிக ஆபத்தான நிமிடமே இதுதான். தளர்வான சட்டை கூடாது, ஈரப் புல்லில் கால் வழுக்கக் கூடாது, சுவிட்ச் 'ஆஃப்' என்று சொன்னால் கூட 'ஆன்' என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

"காண்டாக்ட்!" என்று முன்னால் நிற்பவர் குரல் கொடுக்கிறார். "காண்டாக்ட்!" என்று உள்ளிருந்து பதில். ஓர் இழுப்பு. ஒன்றும் இல்லை. இன்னோர் இழுப்பு. ஒரு தும்மல், கொஞ்சம் நீலப் புகை... தையல் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

கயிறு அவிழ்க்கப்படுகிறது. கட்டைகள் எடுக்கப்படுகின்றன. மூக்கு மறைப்பதால் நேரே எதுவும் தெரியாது. இடதும் வலதுமாக வளைந்து வளைந்து புல் பாதையின் முனைக்குப் போகிறது விமானம். கதவு திறந்தே இருக்கிறது. மடியில் வரைபடம், சீட்டுக்குப் பின்னால் லாக்புக் பை. கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கம்பி முழு உயரத்தில் நிற்கிறது.